அந்தோணியார் காவலில் ஒரு கவர்

அத்தியாயம் நான்கு

உடும்பன்சோலை ஏற்றத்தில் ஜீப் இரண்டாவது கியருக்கு இறங்கியபோது அர்த்தநாரி வாயை மூடினார். ஏழு மைல் போயும் திறக்கவில்லை. குஞ்சு முகம்மதுவுக்கு இது புதிதல்ல. அவனுடைய வாப்பா பாலக்காட்டுக் கடையில் ஏலக்காயைத் தரம் பிரிப்பது போல அவன் இவருடைய மௌனங்களைத் தரம் பிரித்து வைத்திருந்தான். பசி மௌனம், கோப மௌனம், வழி தெரியாத மௌனம். இது மூன்றாவது ரகம்.

“ஏட்டய்யா, ஒரு வார்த்தை பேசுங்க. இந்த எஞ்சினாவது நான் கேட்டா முனகுது.”

“அதுகிட்டயே பேசிட்டு வா.”

அர்த்தநாரி பாலக்காட்டுப் போலீஸில் இருபத்தாறு வருஷம் இருந்து ஏட்டாக ஓய்வு பெற்றவர். ராஜ்ஜியங்களை மொழிவாரியாகப் பிரித்து ஒட்டிய சமயத்தில் அவருடைய பென்ஷன் கட்டு சென்னைக்கும் திருவனந்தபுரத்துக்கும் நடுவே எங்கேயோ தங்கிவிட்டது. இவர் எங்கள் ஆள் இல்லை என்று இரண்டு சர்க்காரும் எழுதிவிட்டன. அந்த ஒரு விஷயத்தில்தான் இரண்டும் ஒத்துப்போயின. வயிறு சும்மா இருக்காதே. வக்கீல்களுக்காகத் துப்பு விசாரிக்கத் தொடங்கினார். வண்டியும் வாயும் குஞ்சு முகம்மதுவுடையவை. மூளை இவருடையது என்று ஊரில் பேச்சு.

இந்தத் தடவை அனுப்பியவர் பீர்மேட்டு மத்தாய் வக்கீல். சங்கதி சின்னது. சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டத்தில் செபமாலையம்மாள் என்று ஒருத்தி. அவள் புருஷன் சவரிமுத்து யுத்தத்தின்போது பர்மா எல்லைக்கு ரோடு போடப் போன படையில் சேர்ந்து, அங்கேயே காய்ச்சலில் போய்விட்டான். அதற்காகச் சர்க்கார் அவளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை உதவித்தொகை அனுப்பி வந்தது. இந்த வருஷம், 1958 பிப்ரவரியில், அதை நிறுத்தி உத்தரவு போட்டுவிட்டது. அவள் மறுமணம் செய்துகொண்டாளாம். தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் அவள் இருக்கும் வீடு வேதமுத்து என்ற ஆணின் பெயரில் பதிவாகியிருக்கிறதாம்.

வேதமுத்து அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். ஆண் பெயருக்குத்தான் வீடு என்பது தோட்டத்துச் சட்டம். விசாரிக்க வந்த அதிகாரி பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார். அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற வேதமுத்துவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்பீல் ஜட்ஜியிடம் இதைச் சொன்னால் இரண்டு நிமிஷத்தில் தீரும். சொல்ல விட்டால்தானே? அப்பீலுக்குக் கெடு, உத்தரவு கைக்கு வந்து அறுபது நாள். ரிஜிஸ்டர் தபாலின் ரசீது அட்டையில் செபமாலையம்மாளின் கைநாட்டு, மார்ச் ஏழாம் தேதி. அப்பீல் போட்டது ஜூலை பதினெட்டு. எழுபத்து மூன்று நாள் தாமதம். நாளைக் காலை பீர்மேட்டில் ஜட்ஜி உட்கார்ந்ததும், ஏன் தாமதம் என்றுதான் முதலில் கேட்பார். அதற்குப் பதில் இல்லாவிட்டால் அப்பீல் வாசலிலேயே தள்ளுபடி. கண்ணில் புரை விழுந்து காய் பறிக்க முடியாமல் உட்கார்ந்திருக்கும் அவளுக்குச் சோற்று வழி அடைபடும். சர்க்கார் காகிதத்தில் அண்ணன் ஆயுசுக்கும் புருஷனாக இருப்பான்.

“கைக்கு வரவில்லை என்று வாதாடிப் பார்க்கலாம் என்றிருந்தேன்” என்று மத்தாய் வக்கீல் காலையில் தலையில் கைவைத்தார். “அந்த அம்மாவோ, வந்தது, நான்தான் கைநாட்டு வைத்தேன் என்கிறாள். பொய் சொல்லத் தெரியாத கட்சிக்காரியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?”

அப்பீலுக்காக ஆபீஸில் கேட்டு வாங்கிய உத்தரவின் நகலை அவர் நீட்ட, குஞ்சு முகம்மதுதான் வாங்கிப் பையில் வைத்தான். நீளமான முழுத்தாளில் நான்கு.

“ஒருத்தி கல்யாணம் பண்ணிட்டான்னு சொல்ல இத்தனை தாளா? என்ற கல்யாணப் பத்திரிகையே உள்ளங்கை அகலந்தான்” என்றான் அப்போது. யாரும் சிரிக்கவில்லை. வக்கீல் ஆபீஸில் நகைச்சுவைக்குத் தனியாக மனுப் போட வேண்டும் போலிருக்கிறது.

ஜீப் லயத்து முன்னால் நின்றது. பத்து வீடுகள் ஒரே கூரையின் கீழ் நீளமாகக் கிடந்தன. நாலாவது வீட்டு வாசலில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணுக்கு எட்டாததை விரலால் தேடி, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள் செபமாலையம்மாள்.

“வக்கீலய்யா அனுப்புன ஆளுகளா? வாங்கய்யா. நான் பொய் சொல்லணும்னா நடந்த களைப்புத் தீர இருந்துட்டுத் திரும்பிப் போங்க.”

“நடக்கலைங்க அம்மா, ஜீப்புல வந்தோம்” என்றான் குஞ்சு முகம்மது. “இவரு பேசாம வந்ததுல எனக்குத்தான் களைப்பு.”

அர்த்தநாரி படியில் உட்கார்ந்தார். வெகுநேரம் அவளுடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

“கவரை வாங்குனீங்க. சரிங்க. வாங்கி என்ன பண்ணுனீங்க?”

அவள் கை நின்றது. இந்த இரண்டு மாதத்தில் வாங்கினாயா, வாங்கினாயா என்று ஐந்து பேர் கேட்டுவிட்டார்கள். இதை யாரும் கேட்கவில்லை.

“அந்தோணியாருகிட்ட வச்சேன்.”

“வச்சு?”

“வச்சேன், அம்புட்டுத்தான். சர்க்கார் கவரை நாங்க சும்மா பிரிக்க மாட்டோம்யா. ஜூன் பதிமூணு அந்தோணியார் திருநாளுக்கு மலையேறிச் சாமியாரு வருவாக. பூசை வச்சு, லயத்துக் கவரு அத்தனையும் மந்திரிச்சு, அவகளே பிரிச்சு ஆளாளுக்குக் காதோட படிச்சுச் சொல்லுவாக. கணக்கப்பிள்ளைகிட்டப் படிக்கக் குடுத்தா நாம கேக்கதுக்கு முந்தி பக்கத்துத் தோட்டத்துக்காரன் கேட்டுருவான்.”

“இந்த வருசம் சாமியாரு வந்தாருங்களா?”

“எங்க வந்தாக? மண்ணு சரிஞ்சு ரோடு அடஞ்சு கெடந்துச்சு. பணம் வரலையேன்னு நான்தான் ஜூலையில நடந்து போயி ஆபீசுல கேட்டேன். நிறுத்தியாச்சுன்னு வாயால சொன்னாக. அதான் சொல்லிட்டாகளே, பிறகு எதுக்குக் கவரைப் பிரிக்க?”

“அப்ப அது…”

“அவருக்குப் பின்னாலதான் இருக்கு. அவரு காவலு.”

உள்ளே சுவரில் குழந்தையேந்திய அந்தோணியார் படம். செவ்வாய்க்கிழமை என்பதால் பகலிலேயே மெழுகுவர்த்தி எரிந்தது. படத்துக்குப் பின்னாலிருந்து அவள் தடவி எடுத்த காக்கி நிறக் கவரில் ஐந்து இடத்தில் சிவப்பு அரக்கு முத்திரை, ஒன்றுகூட உடையவில்லை. ஒட்டின மடிப்பின்மேல் ஆறு மாதத்து மெழுகு சொட்டிச் சொட்டி உறைந்திருந்தது.

குஞ்சு முகம்மது பெருமூச்சு விட்டான். “நல்லாத் தேடிப் புடிச்சோம் போங்க. கவரு வந்தது நெசந்தான்னு அஞ்சு முத்திரையோட நாமளே கொண்டுபோய்க் குடுக்கலாம். சர்க்கார் வக்கீலு நமக்கு டீ வாங்கித் தருவாரு. படிக்கலைன்னு சொன்னா கோர்ட்டு கேக்குமா ஏட்டய்யா?”

“கேக்காது. கைக்கு வந்தா வந்ததுதான். படிக்காதது அவங்கவங்க பாடு.”

சொல்லிவிட்டு அர்த்தநாரி கவரை இப்படியும் அப்படியும் திருப்பினார். மீண்டும் மௌனம். இந்த ரகம் குஞ்சு முகம்மதுவின் தரப்பட்டியலில் இல்லாதது. கடைசியில் கவரை அவன் உள்ளங்கையில் வைத்தார்.

“எத்தனை இருக்கும்?”

குஞ்சு முகம்மது கடைவீதியில் பிறந்தவன். தராசைத் தொடுமுன் கையால் எடை சொல்லாத பையனுக்கு வாப்பா சோறு போட்டதில்லை. கண்ணை மூடினான். கை லேசாக இரண்டு தடவை ஏறி இறங்கியது.

“கவரு, நூலு, அரக்கு, அம்மாவோட மெழுகு எல்லாஞ் சேத்து ஒரு தோலா, அதான் ஒரு ரூவா எடை, வராதுங்க. மேல் சாமானம் போக உள்ளே இருக்கறது ஒரு தாளு. அதுலயும் பாதித்தாளு.”

அர்த்தநாரி பையிலிருந்து உத்தரவின் நகலை எடுத்து அவனுடைய மறு கையில் வைத்தார்.

“இது?”

“இது மட்டுமே ஒன்றரைத் தோலாவுக்கு மேல…”

சொல்லிக்கொண்டே கண்ணைத் திறந்தான். இடது கையில் நான்கு தாள். வலது கையில் முத்திரை உடையாத கவர். நான்கு முழுத்தாள் அதற்குள் இருக்க வழியே இல்லை.

“ஏட்டய்யா, பிரிச்சுப் பாத்துரலாமுங்களா?”

“பிரிச்சா அது வெறுங் கவரு. உள்ளே இருந்ததை நாமதான் மாத்தி வச்சோம்பாங்க. பிரிக்காத வரைக்குந்தான் அது சாட்சி.” அவர் எழுந்து வேட்டியைத் தட்டினார். “குஞ்சு, உன்ற கை எப்பவாச்சும் தப்பிருக்குதா?”

“ஒரே ஒருக்க. கல்யாணத்துக்கு முந்தி என்ற வீட்டுக்காரி கௌலத்தோட நாக்கு இத்தனை கனம் இருக்கும்னு கணிக்கல.”

“நாளைக்குத் தப்புனா இந்தம்மாவுக்குச் சோறில்லை. தெரிஞ்சுக்க.”

பீர்மேடு போய்ச் சேரும்வரை குஞ்சு முகம்மது பேசவில்லை. செபமாலையம்மாள் கவரைத் துணிப்பைக்குள் வைத்து மடியில் ஏந்திக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தாள். “தம்பிக்கு உடம்பு சுகமில்லையா?” என்று இரண்டு தடவை கேட்டாள்.

மறுநாள் பதினொரு மணிக்கு ஜட்ஜி உட்கார்ந்தார். மாதம் ஒருமுறை மலைக்கு வருகிறவர். ஒவ்வொரு தடவையும் ஜலதோஷத்தோடு திரும்புகிறவர். இந்தத் தடவை வரும்போதே கொண்டுவந்துவிட்டார். பெஞ்சு கிளார்க் வழக்கு எண்ணைக் கூப்பிட்டதும் சர்க்கார் வக்கீல் எழுந்தார். இங்கிலீஷும் மலையாளமுமாக அவர் பேசியதைக் குஞ்சு முகம்மது கடைசி வரிசையில் நின்று, செபமாலையம்மாளின் காதில் தமிழாக்கினான்.

“வழக்குக்குள்ளேயே போக வேண்டாமாம். எழுபத்து மூணு நாள் லேட்டாம். ரசீது அட்டையில உங்க கைநாட்டு இருக்காம்.”

“இருக்கத்தான செய்யும். நான்தான வச்சேன்.”

“மெதுவாச் சொல்லுங்கம்மா. அதுக்குத்தான் அந்தாளு சம்பளம் வாங்கறாரு.”

மத்தாய் வக்கீல் எழுந்தார். காலையில் ஏட்டய்யா அவருக்குச் சொல்லிக் கொடுத்தது மூன்றே கேள்வி. அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று நிபந்தனை. பேச்சு வளர்ப்பதையே தொழிலாகக் கொண்ட மனிதருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று முகமே சொன்னது.

“கவர் வந்ததை நாங்கள் மறுக்கவில்லை. அதையே கொண்டுவந்திருக்கிறோம்.” கவரை மேஜைமேல் வைத்தார். “என் நண்பர் பார்க்கட்டும். அவருடைய ஆபீஸ் அனுப்பியது இதுதானா?”

சர்க்கார் வக்கீல் எடுத்துப் பார்த்தார். ரசீது அட்டையின் எண்ணைக் கவரின் எண்ணோடு ஒத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. எதிராளியே வீடு தேடி வந்து கழுத்தை நீட்டினால் யாருக்குத்தான் மலராது?

“சந்தேகமே இல்லை. இதேதான்.”

“முத்திரைகள்?”

“எங்கள் ஆபீஸ் முத்திரை. ஐந்தும் அப்படியே இருக்கின்றன.”

“இந்தக் கவரைத் தவிர வேறு எந்த வகையிலாவது உத்தரவை இவளுக்கு அனுப்பியதுண்டா?”

“எதற்கு அனுப்ப வேண்டும்?” சர்க்கார் வக்கீல் ஜட்ஜி பக்கம் திரும்பினார். “தீர யோசித்து எழுதிய நான்கு பக்க உத்தரவு இதற்குள் இருக்கிறது. மனுதாரர் இதை ஆறு மாதம் பிரிக்கவே இல்லை. ஒருத்தி தன் உரிமையில் எவ்வளவு அக்கறையாக இருந்தாள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.”

“நானும் அதையேதான் சொல்கிறேன். கோர்ட்டே பிரித்துப் பார்க்கட்டும்” என்று மத்தாய் வக்கீல் உட்கார்ந்தார்.

ஜட்ஜி மூக்கைத் துடைத்துக்கொண்டு காகிதக் கத்தியை எடுத்தார். குஞ்சு முகம்மதுவின் வலது உள்ளங்கை வியர்த்து வழிந்தது. மெழுகு கனக்கும். மழைக்காலத்து ஈரம் கனக்கும். அதற்கெல்லாம் கழித்தோமா? வெறும் கையை ஏற்றி இறக்கிப் பார்த்தான். பக்கத்தில் நின்ற டவாலிச் சேவகன் முறைத்தான்.

அரக்கு உடைந்தது. ஜட்ஜி இரண்டு விரலை உள்ளே விட்டு எடுத்தார்.

ஒரு தாள். அதுவும் பாதித்தாள்.

குஞ்சு முகம்மது மூச்சு விட்டது முன் வரிசைவரை கேட்டது. ஏட்டய்யா திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவருடைய தோள் ஒரு விரற்கடை இறங்கியது.

ஜட்ஜி படித்தார். மறுபடி படித்தார். பிறகு சர்க்கார் வக்கீலைப் பார்த்தார்.

“மருதாத்தாள் என்பது யார்?”

“தெரியவில்லையே, யுவர் ஆனர்.”

“கோபாலபுரத்துக்காரி. அவளுடைய விண்ணப்பம் ஏற்கப்பட்டதாம். உடனே உதவித்தொகை கிடைக்குமாம். வாழ்த்துகிறீர்கள்.” ஒரு தும்மல் போட்டு முடித்துத் தொடர்ந்தார். “உங்கள் ஆபீஸில் ஒரே நாளில் இரண்டு கவர் ஒட்டியிருக்கிறார்கள். உங்கள் நான்கு பக்கம் இப்போது கோபாலபுரத்தில் இருக்கும் என்று நினைக்கிறேன்.”

குஞ்சு முகம்மது குனிந்து விஷயத்தைச் சொன்னான். செபமாலையம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அப்ப ஆறு மாசமா செவ்வாய் தவறாம மெழுகுவத்தி ஏத்துனது அந்தப் பொம்பளைக்கா?”

“வேண்டுதல் பலிச்சிருக்குதுங்கம்மா. விலாசந்தான் மாறிப்போச்சு.”

மேஜை முன்னால் சர்க்கார் வக்கீல் சும்மா இருக்கவில்லை. கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டு, விழுந்த இடத்திலேயே கொஞ்சம் மண் திரட்டிக்கொண்டு எழுந்தார்.

“அப்படியானால் உத்தரவு இவளிடம் சேரவே இல்லை. சேராத உத்தரவின்மேல் அப்பீல் செய்ய முடியாது. இந்த அப்பீல் காலத்துக்கு முந்தியது. ஆகவே தள்ளுபடி செய்யவேண்டும்.”

குஞ்சு முகம்மது தமிழாக்க முடியாமல் நின்றான்.

“என்ன தம்பி சொல்லுதாரு?”

“அஞ்சு நிமிசத்துக்கு முன்னாடி ரொம்ப லேட்டுன்னாரு. இப்ப ரொம்பச் சீக்கிரம்ங்கறாரு. நீங்க சரியான நேரத்துக்கு வர்ற வண்டி இன்னும் செய்யலைங்கம்மா.”

மத்தாய் வக்கீல் பின்னால் திரும்பி அர்த்தநாரியைப் பார்த்தார். மூன்று கேள்வியும் தீர்ந்துவிட்டது. நாலாவதை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அர்த்தநாரி சர்க்கார் வக்கீலின் முன்னால் கிடந்த காகிதக் கட்டைக் கண்ணால் காட்டினார். அதன் மேலே, சிவப்பு நாடாவில், நான்கு பக்க உத்தரவின் ஆபீஸ் பிரதி.

மத்தாய் வக்கீல் புரிந்துகொண்டார். “என் நண்பர் சொல்வது நியாயம். உத்தரவு சேரவில்லை என்பதுதானே குறை? அவர் கையிலேயே இருக்கிறது. இப்போதே கொடுத்துவிடட்டும்.”

ஜட்ஜியின் உதடு லேசாக வளைந்தது. அது சிரிப்பா அடுத்த தும்மலா என்று தெரியவில்லை. “கொடுங்கள்” என்றார்.

பெஞ்சு கிளார்க் ஒரு கவர் தேடி எடுத்தார். நான்கு தாளும் உள்ளே போயின. ஒட்டி, கோர்ட்டு முத்திரை வைத்து நீட்டினார். செபமாலையம்மாள் மேஜைவரை நடந்து போய், மைத்தட்டில் கட்டை விரலைத் தோய்த்து, காட்டிய இடத்தில் அழுத்தினாள். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று நாற்பது. மத்தாய் வக்கீல் அதே பழைய அப்பீல் மனுவில் தேதியைத் திருத்திக் கையெழுத்திட்டு நீட்டியபோது பதினொன்று நாற்பத்து மூன்று.

“அறுபது நாள் கெடுவில் மூன்று நிமிஷம் செலவாகியிருக்கிறது” என்று ஜட்ஜி சொல்லிச் சொல்லி எழுதினார். “அப்பீல் கெடுவுக்குள் வந்தது. ஏற்கப்படுகிறது. கைக்குச் சேராத உத்தரவால் உதவித்தொகையை நிறுத்தியது செல்லாது. இதுவரை நின்றதை உடனே கொடுக்கவேண்டும். அப்பீல் முடியும்வரை தொடர்ந்தும் கொடுக்கவேண்டும். அடுத்த மாதம் அந்த வேதமுத்துவை அழைத்து வாருங்கள். அவரும் என்ன சொல்கிறார் என்று கேட்போம்.” பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். “கோபாலபுரத்துக்கு யாராவது ஆள் அனுப்புங்கள். அந்த அம்மாள் பாவம், தனக்குத் தெரியாமல் தனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதென்று படித்துக்கொண்டிருப்பாள்.”

வெளியே மழை பிடித்திருந்தது. ஜீப்பின் படுதாவை இறக்கிவிட்டுக் குஞ்சு முகம்மது செபமாலையம்மாளைத் தூக்கி உட்கார வைத்தான். அவனுக்குச் சொந்த நாக்கு திரும்பி வந்திருந்தது.

“ஏட்டய்யா, என்ற கைக்கு ஒரு பென்ஷன் போட்டுக் குடுக்கச் சொல்லோணும். ரெண்டு சர்க்காரும் வேண்டாம், ஒண்ணு போதும்.”

அர்த்தநாரி முன் சீட்டில் ஏறினார்.

“அம்மா, அந்தக் கவரை இப்படிக் குடுங்க. வாசிச்சுச் சொல்லிடறேன். உங்க வீட்டு விவகாரம், உங்களுக்கு ஒரு எழுத்தாவது தெரியோணுமல்ல?”

அவன் கையில் ஒரு நொடி வைத்தாள். வழக்கம் போலக் கை தானாக ஏறி இறங்கியது. இரண்டு தோலாவுக்கு மேல். இந்தத் தடவை சரக்கு சரி. மடிப்பில் விரலை விடப்போனான். அவள் வெடுக்கென்று பிடுங்கித் துணிப்பைக்குள் போட்டு முடிச்சிட்டாள்.

“அது அந்தோணியாரு திருநாளுக்கு.”

“இன்னும் ஒம்பது மாசம் இருக்குதுங்களே.”

“இருக்கட்டுமே.”

“உள்ளே இருக்கறது உங்களை நிறுத்துன உத்தரவுங்கம்மா. அதைப் போய்ச் சாமிக்குப் பின்னால வைப்பீங்களா? வக்கீலே பிரிச்சுப் படிச்சு எதிர்வாதம் எழுதறாரு, நீங்க மட்டும்…”

“வக்கீலய்யா படிக்கட்டும், அவுக தொழிலு. நான் ஒண்ணு கேக்கேன், நீயே சொல்லு தம்பி. மார்ச்சு மாசமே நான் அந்தக் கவரைப் பிரிச்சிருந்தா, இன்னைக்கு என்ன ஆயிருக்கும்?”

குஞ்சு முகம்மது வாயைத் திறந்தான். பிறகு உதவிக்கு முன் சீட்டைப் பார்த்தான்.

அர்த்தநாரி மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய சட்டைப் பைக்குள், திருவனந்தபுரத்திலிருந்து போன வாரம் வந்த காக்கிக் கவர் ஒன்றின் ஓரம் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் முத்திரை உடைந்திருக்கவில்லை. அவர் அதை விரலால் உள்ளே தள்ளிவிட்டுச் சொன்னார்:

“வண்டியை எடு. அம்மாவை லயத்துல உட்டுட்டுக் கோபாலபுரம் போவோணும்.”